டப்பா வண்டில ராலி: எது மக்கர் பண்ணா எங்க கை வைக்கணும்

போன மே மாசம் நானும் என் மச்சானும் ஒரு 1993 மாடல் மாருதி 800-ஐ தூக்கிட்டு ஒரு அமெச்சூர் ராலிக்கு போனோம். சென்னைல கிளம்பி வேலூர், சேலம், கொல்லிமலை, ஊட்டி, வால்பாறை, கன்னியாகுமரி, தனுஷ்கோடி, திரும்ப சென்னை. 6 நாள், கிட்டத்தட்ட 2200 கிலோமீட்டர். ரேஸ் எல்லாம் இல்ல, டிஎஸ்டி தான், அதாவது டைம் ஸ்பீடு டிஸ்டன்ஸ், அவங்க குடுத்த ரூட்ல அவங்க குடுத்த ஆவரேஜ் ஸ்பீடுல போய் சரியான செகண்டுக்கு கண்ட்ரோல்ல (நேரம் குறிக்கற செக் பாயிண்ட்) நிக்கணும், சீக்கிரம் போனாலும் பெனால்டி, லேட்டா போனாலும் பெனால்டி. வண்டி பழவந்தாங்கல்ல ஒரு தாத்தா வீட்டு ஷெட்ல மூணு வருஷமா தூங்கிட்டு இருந்தது, 38,000 ரூபாய்க்கு பேசி முடிச்சோம், அதுக்கு மேல புதுப்பேட்டை, ஜிபி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல எவ்வளவு விட்டோம்னு வீட்ல இன்னும் சொல்லல.

ஏன் 800ன்னா, 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரி வரைக்கும் போட்டுட்டே இருந்த வண்டி, 796 சிசி, மூணு சிலிண்டர், எந்த ஊர் காயலான் கடைலயும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த டீக்கடை பக்கத்து மெக்கானிக்கும் கண்ண மூடிட்டு கழட்டுவார். 2004ல ஆரம்பிச்ச மங்கோல் ராலில கூட ஆரம்பத்துல 1000 சிசிக்கு மேல போகக்கூடாதுன்னு தான் ரூல், லண்டன்ல இருந்து மங்கோலியா வரைக்கும் இந்த மாதிரி குட்டி டப்பாலதான் போனாங்க, அதனால நம்ம வண்டி ஒண்ணும் குறைஞ்சது இல்லன்னு மச்சான் தெருவெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சான்.

கீழ எழுதறது எல்லாம் கார்ப் (பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர்) இருக்கற, டெல்கோல (பிளக்குங்களுக்கு கரண்டைப் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர்) பாயிண்ட் (காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டற ஸ்விட்ச்) இருக்கற பழைய வண்டிக்கு. 2000-க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோல் பீச்சற வண்டின்னா பாதி பொருந்தாது. எந்த அறிகுறிக்கு போறதுக்கு முன்னாடியும் ஒரு கேள்வி கேட்டுக்கங்க, எங்க புதுப்பேட்டை மெக்கானிக் பாய் போன் எடுத்தாலே ஹலோவுக்கு பதில் இதைத்தான் கேட்பார்: "கடைசியா எதுல கை வச்சீங்க?" முப்பது வருஷமா ஓடின பார்ட் இன்னைக்கு காலைல போகறதை விட போன வாரம் நீங்க "சேஃப்டிக்கு" மாத்தின பார்ட் போகறதுக்குத்தான் சான்ஸ் அதிகம். எங்களுக்கு 6 நாள்ல பெரிய பிரச்சனை நாலு வந்துச்சு, நாலுமே நாங்களே சம்பாதிச்சது.

சாவி திருப்பினா செல்ஃப் எடுக்கல

பானட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி காதைத் தீட்டிக்கங்க. டக் டக் டக் டக்னு வேகமா அடிச்சா பேட்டரி வீக், இல்லன்னா டெர்மினல் லூசு. ஒரே ஒரு "டக்", அதோட அமைதின்னா செல்ஃப் மோட்டார் கிட்ட பிரச்சனை, ஒருத்தர் சாவியைத் திருப்பி பிடிச்சிட்டு இருக்க இன்னொருத்தர் வீல் ஸ்பேனரால செல்ஃப் மோட்டார் உடம்புல லேசா ரெண்டு தட்டு தட்டினா பல தடவை எடுத்துடும், (வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக்ல இருக்கணும், சொல்ல வேண்டியதே இல்ல, ஆனா சொல்றேன்). சத்தமே இல்லன்னா ஹெட்லைட் போட்டுப் பாருங்க, லைட் நல்லா எரிஞ்சா பேட்டரி மேல பழி போடாதீங்க, இக்னிஷன் ஸ்விட்ச் இல்லன்னா சோலனாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரை இயக்கி விடற ஸ்விட்ச்) போற வயர்.

டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூ பூத்திருந்தா சுடுதண்ணில ஆப்ப சோடா கலந்து ஊத்துங்க, பொங்கி வரும், துடைச்சிட்டு இறுக்கி மேல கொஞ்சம் வாசலின். ரிச்சி ஸ்ட்ரீட்ல சின்ன மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுல போட்டுக்கங்க, அதை விட உருப்படியான டூல் எங்க பெட்டில வேற இல்ல. வண்டி அணைஞ்சிருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு கீழ காட்டினா பேட்டரில சார்ஜ் இல்ல, ஓடும்போது 13.8-ல இருந்து 14.4-க்குள்ள காட்டலன்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணல, ஃபேன் பெல்ட்டை முதல்ல பாருங்க.

தள்ளி ஸ்டார்ட் பண்றதுன்னா ரெண்டாவது கியர்ல பண்ணுங்க. ஃபர்ஸ்ட்ல போட்டா வீல் லாக் ஆகி தள்றவன் மூக்கு டிக்கில இடிக்கும், மச்சானைக் கேளுங்க.

செல்ஃப் சுத்துது, ஆனா பிடிக்கல

பெட்ரோலா கரண்டா, ரெண்டுல ஒண்ணு. முதல்ல ஏர் கிளீனர் மூடியைக் கழட்டி கார்ப் வாய்க்குள்ள பார்த்துட்டே ஆக்சிலரேட்டர் லிவரை கையால ஒரு இழு இழுங்க. ஊசி மாதிரி பெட்ரோல் பீச்சி அடிக்கணும். அடிச்சா கிண்ணத்துல பெட்ரோல் இருக்கு, கரண்ட் பக்கம் போங்க. வறண்டு கிடந்தா ஃபில்டர், பம்ப், டேங்க், பின்னாடி வரிசையா பார்த்துட்டே போங்க.

கரண்ட் பார்க்க டேஷ்போர்டுல ஒரு எக்ஸ்ட்ரா பிளக் வச்சிருங்க. ஒரு பிளக் வயரைக் கழட்டி அதுல இந்த பிளக்கை சொருகி, பிளக்கோட உடம்பு இன்ஜின் இரும்புல படற மாதிரி வச்சு (கையால நேரா பிடிக்காதீங்க, காஞ்ச துணி இல்லன்னா ரப்பர் செருப்பு), செல்ஃப் அடிக்க சொல்லுங்க. நீலமா "டப் டப்"னு குதிச்சா நல்லது, ஆரஞ்சு கலர்ல சோகையா வந்தா பாயிண்ட்டோ, அது கருகாம காக்கற கண்டென்சரோ, பேட்டரி கரண்டை பிளக்குக்கு வேணும்ங்கற அளவு ஹை வோல்டேஜா ஏத்தற காயிலோ. கார்ப்ல இப்பதான் பெட்ரோல் பீச்சியிருப்பீங்க, அது ஆவியாகற வரைக்கும் இந்த விளையாட்டு வேண்டாம்.

பாயிண்ட் கேப் 0.4-ல இருந்து 0.5 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லன்னா போஸ்ட் கார்டு கனம்னு பெரியவங்க சொல்வாங்க, இப்ப போஸ்ட் கார்டு கிடைக்கறதுதான் கஷ்டம், கேஜே வாங்கிடுங்க. பிளக் வயரை எல்லாம் ஒரே நேரத்துல கழட்டிட்டு எது எங்கன்னு தெரியாம முழிக்காதீங்க, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்ல பொறி விழற வரிசை) 1-3-2, டெல்கோ மூடில நெயில் பாலிஷால நம்பர் போட்டு வச்சிருங்க. மழைல நனைஞ்சு ஸ்டார்ட் ஆகலன்னா 90 பர்சென்ட் அந்த மூடிக்குள்ள ஈரம்தான், துடைச்சு வெயில்ல வச்சு மாட்டினா போதும்.

நல்லா ஓடிட்டே இருந்து திடீர்னு அணைஞ்சிடுது, அரை மணி நேரம் ஆறினா திரும்ப ஓடுது

இதை கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இதுல தான் நாங்க முதல் நாளே மூணு மணி நேரம் போட்டோம்.

கத்திரி வெயில், மத்தியானம் ஒண்ணு, வாலாஜா டோல்கேட் கியூ. ஒரு மாதிரி ரெண்டு குலுக்கு குலுக்கிட்டு வண்டி நின்னுடுச்சு. பின்னாடி லாரி ஹாரன். தள்ளி ஓரமா போட்டு பானட்டைத் தூக்கினா அனல் மூஞ்சில அடிக்குது, ரெண்டு பேருமே ஒரே நேரத்துல "வேப்பர் லாக்"னு சொன்னோம், அதாவது சூட்டுல பெட்ரோல் லைன்லயே ஆவியாகி அடைச்சுக்கறது. ராலிக்கு போறதுக்கு முன்னாடி அதைப் பத்திதான் நிறைய படிச்சிருந்தோம், தெரிஞ்ச வியாதியைத்தானே முதல்ல சொல்லுவோம். ஈரத் துண்டை பம்ப் மேல போட்டோம், மச்சான் வாட்டர் பாட்டில்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினான், துண்டுல இருந்து ஆவி போகுது, இருபது நிமிஷத்துல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட். ஆஹா நம்ம டயக்னோசிஸ் கரெக்ட்னு கிளம்பினோம். 12 கிலோமீட்டர்ல திரும்ப நின்னது. திரும்ப துண்டு, திரும்ப தண்ணி, திரும்ப ஸ்டார்ட். மூணாவது தடவை நின்னப்ப குடிக்கற தண்ணியும் காலி.

பாய்க்கு போன் போட்டேன்.

"கடைசியா எதுல கை வச்சீங்க தம்பி?"

"பெட்ரோல் லைன் எதுவும் தொடல பாய்."

"பெட்ரோல் லைனா கேட்டேன்? எதுல கை வச்சீங்க?"

"காயில் புதுசு போட்டோம், போன வாரம். பழசு நல்லாத்தான் இருந்தது, சேஃப்டிக்கு மாத்திட்டோம்."

"பழசு எங்க?"

"டிக்கில."

"அதை மாட்டிட்டு போன் பண்ணு."

அந்த புது காயிலைத் தொட்டுப் பார்த்தேன், விரல் வைக்க முடியல. எண்ணெய் கசிஞ்சு அடில ஒரு வளையம் மாதிரி பிசுபிசுன்னு படிஞ்சிருந்தது, அதுல ரோட்டுப் புழுதி ஒட்டி கறுப்பா இருந்தது, மூணு தடவை பானட் தூக்கியும் ரெண்டு பேர் கண்ணுலயும் படல. பழைய காயிலை மாட்டினோம், ஒரு ஸ்குரூ, மூணு வயர், பத்து நிமிஷம். அதுக்கப்புறம் சென்னை திரும்பற வரைக்கும் அந்த வண்டி அந்த மாதிரி நிக்கவே இல்ல.

விஷயம் என்னன்னா, சூட்டுல நின்னு ஆறினா ஓடற வியாதிக்கு ஆள் மூணு பேர் இருக்காங்க, மூணு பேரும் ஒரே மாதிரி நடிப்பாங்க. ஆறட்டும்னு உட்கார்ந்துட்டா எவன்னு தெரியவே தெரியாது, நின்ன அந்த நிமிஷமே பார்க்கணும்:

நின்ன உடனே பிளக் டெஸ்ட் பண்ணுங்க. கரண்ட் இல்லன்னா காயில் இல்லன்னா கண்டென்சர். காயில் சூடானா உள்ள சுத்து விட்டுப் போகும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும், அவ்வளவுதான். கண்டென்சர் போச்சுன்னா பாயிண்ட் கருகியிருக்கும், கண்ணுல தெரியும், சட்டைப் பைல அடங்கற சைஸ்தான், ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சிருங்க.

கரண்ட் நல்லா இருக்கு, கார்ப்ல பெட்ரோல் பீச்சலன்னா, டேங்க் மூடியைத் திறங்க. "புஸ்"னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு, டேங்க்ல வேக்கம் பிடிச்சு பம்பால இழுக்க முடியல. மூடியை லூசா வச்சு அடுத்த ஊர் வரைக்கும் போலாம், அங்க ஓட்டையை சுத்தம் பண்ணிக்கங்க.

"புஸ்" இல்ல, பெட்ரோலும் வரல, பம்பும் லைனும் கொதிக்குதுன்னா அப்பதான் அது வேப்பர் லாக். 800-ல மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் மேலயே உட்கார்ந்திருக்கு, நல்லா ஓடி வந்து டோல் கியூல நின்னீங்கன்னா காத்து ஓட்டம் இல்லாம லைன்ல இருக்கற பெட்ரோல் ஆவியாயிடும், ஆவியை பம்பால தள்ள முடியாது. அதுக்கு துண்டு, தண்ணி, பொறுமை. லைன் எங்கயாவது சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்துல உரசிட்டு போகுதான்னு வீட்லயே பார்த்து தள்ளி கட்டி வச்சிருங்க.

இதுல சேராத நாலாவது ஆள் ஒருத்தர் இருக்கார், குப்பை. மூணு வருஷம் தூங்கின டேங்க்ல துரு இருக்கும், இப்ப வர்ற 20 பர்சென்ட் எத்தனால் பெட்ரோல் அந்த பழைய அழுக்கையெல்லாம் கரைச்சு கொண்டு வந்து ஃபில்டர்ல சேர்க்கும், பழைய ரப்பர் ஹோஸையும் அரிச்சுடும். இதோட நடிப்பு வேற: சும்மா நிக்கும்போது ஐடில்ல நல்லா இருக்கும், 70-ல மிதிச்சா கட் அடிக்கும், காலை எடுத்தா திரும்ப சரியாகும். ஃபில்டர் ரெண்டு எக்ஸ்ட்ரா, பெட்ரோல் ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப் நாலு, பெட்டில இருக்கணும். கார்ப்ல பெட்ரோல் வர்ற குட்டி ஓட்டை, ஜெட், அடைச்சிருந்தா கம்பி விட்டு நோண்டாதீங்க, பித்தளை ஓட்டை பெருசாயிட்டா மைலேஜ் போயிடும், வாயால ஊதுங்க, இல்லன்னா விளக்குமாத்து ஈர்க்குச்சி.

டெம்பரேச்சர் முள்ளு ஏறுது

எப்ப ஏறுதுன்னு பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு. சிக்னல்ல நின்னா ஏறி ஹைவேல போனா இறங்கினா, ரேடியேட்டர் ஃபேன் சுத்தல. ஊருக்குள்ள ஒழுங்கா இருந்து ஹைவேல 80-ல போனா ஏறினா, ஃபேன் மேல சந்தேகமே வேண்டாம், ரேடியேட்டர் அடைச்சிருக்கு, இல்லன்னா வாட்டர் பம்ப், இல்லன்னா தெர்மோஸ்டாட் திறக்கல.

ஃபேன் சுத்தலன்னா ஃபேன் கனெக்டரைக் கழட்டி பேட்டரில இருந்து நேரா ரெண்டு வயர் குடுத்துப் பாருங்க, சுத்தினா மோட்டார் நல்லது, ஸ்விட்ச்சோ ஃபியூஸோ தான் போச்சு. நடுவுல ஒரு ஃபியூஸ் வச்சு அப்படியே நேரடியா கட்டிட்டு ஊர் போய் சேருங்க, வண்டியை அணைக்கும்போது மறக்காம பிடுங்கிடுங்க.

ரேடியேட்டர் மூடி சின்ன பொருள், யாரும் மதிக்க மாட்டாங்க. அதுல இருக்கற ஸ்பிரிங் 0.9 பார் பிரஷரை பிடிச்சு வைக்கறதாலதான் தண்ணி 100-ல கொதிக்காம கிட்டத்தட்ட 118 டிகிரி வரைக்கும் தாங்குது, ஸ்பிரிங் தளர்ந்துட்டா மத்ததெல்லாம் நல்லா இருந்தும் பாயில் ஆகும். புது மூடி ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. சூட்டுல அந்த மூடியைத் திறக்காதீங்க, துணி போட்டுக்கூட திறக்காதீங்க, பாய் முழங்கைல இருக்கற தழும்பு அப்படி வந்ததுதான்.

ஏறிட்டே போகுது, நிறுத்த இடமும் இல்லன்னா ஹீட்டரை ஃபுல்லா வைங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர் தான். ஆம்பூர் தாண்டி மே மாச வெயில்ல ஜன்னலை இறக்கிட்டு ஹீட்டர் போட்டு ஓட்டினோம், ரெண்டு பேர் சட்டையும் பிழிஞ்சா ஒரு சொம்பு வரும், முள்ளு இறங்குச்சு. சென்னை வண்டிங்கள்ல பல பேர் ஹீட்டர் எதுக்குன்னு ஹோஸைக் கழட்டி அடைச்சிருப்பாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துக்கங்க.

ஆயில் மூடியைத் திறந்தா காபில பால் ஊத்தின மாதிரி பழுப்பா நுரை இருக்கு, சைலன்சர்ல நிக்காம வெள்ளைப் புகை, ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிட்டே போகுதுன்னா, இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட் போச்சு. ராலி முடிஞ்சது. டோ பண்ண ஆளைக் கூப்பிடுங்க.

மலை ஏறல, பின்னாடி கரும்புகை

பயப்படாதீங்க. ஊட்டி 2240 மீட்டர், அங்க காத்து சென்னைல இருக்கறதை விட அஞ்சுல ஒரு பங்கு லேசு. கார்ப்புக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு கீழ ஊத்தின அளவுக்கே பெட்ரோல் ஊத்தும், அதான் கரும்புகை, அதான் பிக்கப் இல்ல. ஏற்கெனவே 40 குதிரை கூட தேறாத இன்ஜின், அதுலயும் ஏழெட்டு குதிரை லீவு. சோக் முழுசா உள்ள போயிருக்கான்னு பாருங்க, ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டுங்க, ஏசி இருந்தா அணைங்க. குன்னூர் ஏறும்போது ஃபர்ஸ்ட் கியரே கதின்னு போனோம், பின்னாடி வந்த கவர்மெண்ட் பஸ் எங்களை சாவகாசமா ஓவர்டேக் பண்ணி போச்சு. யாராவது உங்களை அங்கயே நிறுத்தி "கார்ப் டியூன் பண்ணித் தரேன்"னா வேண்டாம்னு சொல்லிடுங்க, மலைக்கு டியூன் பண்ணா கீழ இறங்கினதும் பெட்ரோல் பத்தாம சூடாகும்.

கீழ இறங்கின பிறகும் கரும்புகைன்னா பிளக்கைக் கழட்டிப் பாருங்க. செங்கல் பொடி கலர்னா சரி, கரி அப்பியிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளை வெளேர்னு இருந்தா பெட்ரோல் கம்மி, ஈரமா எண்ணெய் பிசுக்கா இருந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, அதுக்கு ஆயில் கேனை எக்ஸ்ட்ராவா எடுத்துட்டு போறதைத் தவிர ரோட்ல வைத்தியம் கிடையாது.

பிரேக் பெடல் மாறிப் போச்சு

கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜினுக்கு பரீட்சை, இறங்கும்போது பிரேக்குக்கு. இங்க ரெண்டு வித வியாதி இருக்கு, கால் தான் வித்தியாசம் சொல்லும்.

பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது, கருகின வாசனை வருதுன்னா பேட் சூடேறிடுச்சு. ஆற விட்டா சரியாகும்.

பெடல் பஞ்சு மாதிரி அடி வரைக்கும் போகுது, பம்ப் பண்ணா கொஞ்சம் வருதுன்னா பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி ஆயிடுச்சு, இது ஆபத்து. எங்களுக்கு வந்தது இதுதான். காரணம்? கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நானே பிரேக் பிளீட் (லைன்ல இருக்கற பழைய ஆயிலையும் காத்தையும் வெளிய எடுக்கறது) பண்ணேன், ரொம்ப பெருமையா, அலமாரில ரெண்டு வருஷமா பாதி பாட்டில் இருந்த ஆயிலை ஊத்தி. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும், நம்ம ஊர் காத்துல கேக்கவே வேண்டாம். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் குடிச்சதுக்கு அப்புறம் அது 140-க்கு இறங்கிடும். முப்பத்தி சொச்சமாவது வளைவுல கால் அப்படியே அடிக்கு போச்சு. மச்சான் ரோட் புக்கைக் (ரூட் எழுதின புத்தகம்) கீழ போட்டுட்டு ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சான், நான் ஃபர்ஸ்ட் கியர்ல தட்டி விட்டேன், இன்ஜின் கத்துச்சு, சுவர் பக்கமா உரசற மாதிரி ஒட்டி நிறுத்தினோம். வீலுக்கு கல்லு வச்சிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம், ரெண்டு பேரும் பேசல. ஒரு பாட்டி பலாப்பழம் வித்துட்டு இருந்தாங்க, அவங்களே வந்து "என்னாச்சு கண்ணு, பிரேக்கா?"ன்னு கேட்டாங்க, எத்தனை பேரைப் பார்த்திருப்பாங்களோ.

மீதி வளைவு முழுக்க ஃபர்ஸ்ட் கியர்லயே காரவள்ளி வரைக்கும் இறங்கி, நாமக்கல் போய் முழு ஆயிலையும் மாத்தினோம். லாரிக்காரங்க ஊர், தெருவுக்கு நாலு ஒர்க்‌ஷாப், சீல் உடைக்காத டாட் 4 பாட்டில் கேட்டு வாங்கி ஊத்தினோம், அது டாட் 3-ஐ விட கூட சூடு தாங்கும், ரெண்டும் கலந்தாலும் பிரச்சனை இல்ல. ஆனா சிலிகான் ஆயிலான டாட் 5-ஐ இதோட கலக்கவே கூடாது. மலைல ஏறின கியர்லயே இறங்குங்கன்னு டிரைவிங் ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்ததுதான், நான்தான் டைம் போகுதுன்னு மூணாவதுல விட்டுட்டு காலால அழுத்திட்டே வந்தேன். வால்பாறை 40 வளைவும் அதுக்கப்புறம் ரெண்டாவது கியர்ல ஒழுங்கு மரியாதையா இறங்கினேன்.

சத்தம்

வளைவுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா "கட கட கட": சிவி ஜாயிண்ட், அதாவது முன் வீலை சுத்த வைக்கற ஆக்சிலோட மூட்டு. ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளிய தெறிச்சிருக்கும், வீல் உள்பக்கம் கறுப்பா இருக்கும். மெதுவா போனா நாள் தாங்கும். ஊய்ங்னு ஒரு சத்தம் ஸ்பீடு ஏற ஏற ஏறி, இடது பக்கம் திரும்பினா கூடி வலது பக்கம் திரும்பினா குறைஞ்சா, வலது வீல் பேரிங், ஏன்னா திரும்பும்போது பாரம் எதிர் பக்கம் சாயும். குழில விழுந்தா டொக்குன்னா பால் ஜாயிண்ட் இல்லன்னா ஷாக் புஷ், ஜாக்கி போட்டு வீலை ஆட்டிப் பாருங்க, ஆடினா ஓட்டாதீங்க. மத்த லொடலொட எல்லாம் 93 மாடலோட பிறவி குணம், ரேடியோ சத்தத்தைக் கூட்டுங்க.

ராத்திரில லைட் மங்குது, டேஷ்போர்டுக்குள்ள கருகின வாசனை

எக்ஸ்ட்ரா லைட் போட்டீங்களா? நாங்க போட்டோம். ஜிபி ரோட்ல ரெண்டு பெரிய லைட், மாட்டின பையன் ஹெட்லைட் வயர்லயே ஜாயிண்ட் அடிச்சு குடுத்துட்டான், நாங்களும் எரியுதேன்னு சந்தோஷமா வந்துட்டோம். மொத்த கரண்ட்டும் அந்த முப்பது வருஷ ஸ்விட்ச் வழியா போய் பொள்ளாச்சி கிட்ட பிளாஸ்டிக் உருகிடுச்சு. ரிலே போடுங்க, பேட்டரில இருந்து தனி வயர், தனி ஃபியூஸ், ஸ்விட்ச் ரிலேவை மட்டும் தூண்டினா போதும். வாசனை வந்தா முதல் வேலை பேட்டரி மைனஸைக் கழட்டறது, அதுக்காக அந்த நட்டுக்கான பத்தாம் நம்பர் ஸ்பேனரை கைக்கு எட்டற மாதிரி வச்சிருங்க.

எல்லா கண்ட்ரோலுக்கும் முன்னாடியே போய் நிக்கறோம்

வண்டி நல்லா ஓடுது, மார்க் மட்டும் வரலன்னா ஓடோமீட்டரைப் பாருங்க. 800-ல இருந்த 145/70 ஆர்12 டயரை எடுத்துட்டு ஆல்ட்டோ சைஸ் 145/80 போட்டோம், குழிக்கு நல்லதுன்னு. வீல் சுத்தளவு கிட்டத்தட்ட 5.7 பர்சென்ட் கூடிடுச்சு, மீட்டருக்கு அது தெரியாதே. நிஜத்துல 20 கிலோமீட்டர் ஓடினா மீட்டர் 18.9 தான் காட்டும். நாம மீட்டரைப் பார்த்து 40-ல போறோம்னு நினைப்போம், நிஜத்துல 42-க்கு மேல போயிட்டு இருப்போம், 20 கிலோமீட்டர்ல ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல சீக்கிரம். நாங்க போன ராலில சீக்கிரம் வந்தா டபுள் பெனால்டி வேற. மச்சான் ரெண்டு நாள் "நீதான் வேகமா மிதிக்கற"ன்னு திட்டினான், நான் "உனக்குதான் கணக்கு வரல"ன்னு திட்டினேன்.

ஸ்டார்ட்ல ஓடோ செக்னு ஒரு தூரம் குடுப்பாங்க, அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. அவங்க தூரத்தை நம்ம மீட்டர் காட்டின தூரத்தால வகுத்தா வர்ற நம்பரை (எங்களுக்கு 1.057) டேஷ்போர்டுல மார்க்கர்ல எழுதி, மீட்டர் காட்டற ஒவ்வொரு தூரத்தையும் அதால பெருக்கிக்கணும். காத்து அளவு மாறினாலும் லேசா மாறும், அதனால காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி தினமும் ஒரே பிரஷர் வைங்க.

நேவிகேட்டர், அதாவது பக்கத்துல உட்கார்ந்து வழி படிச்சு சொல்றவர், திடீர்னு பேச்சை நிறுத்திட்டா கோபம்னு நினைக்காதீங்க, வளைவுல பேப்பரைப் பார்த்துப் படிச்சா வாந்தி வரும். வண்டியை நிறுத்துங்க, ஜன்னல், எலுமிச்சம்பழம், பத்து நிமிஷம்.

பேப்பர்

15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், 2022 ஏப்ரல்ல அந்த ஃபீஸ் 600-ல இருந்து 5000 ரூபாய் ஆச்சு, இப்ப எவ்வளவுன்னு ஆர்டிஓல கேட்டுக்கங்க. வண்டி வாங்கும்போது தேதி பார்த்து வாங்குங்க, விக்கறவர் சொல்ல மாட்டார். இன்ஷூரன்ஸ் பாலிசில "எதுக்கு பயன்படுத்தலாம், எதுக்கு கூடாது"ன்னு ஒரு பத்தி இருக்கும், ரேஸ், ஸ்பீடு டெஸ்ட், ரிலயபிலிட்டி டிரயல் எல்லாம் கவர் ஆகாதுன்னு அதுல போட்டிருப்பாங்க. டிஎஸ்டி அதுக்குள்ள வருமான்னு உங்க இன்ஷூரன்ஸ்காரங்க கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிடுங்க, ராலி நடத்தறவங்க கிட்டயும் தனியா என்ன கவர் இருக்குன்னு கேளுங்க.

மணல்ல மாட்டிக்கிச்சு

தனுஷ்கோடில அரிச்சல்முனை வரைக்கும் 2017-ல இருந்து நல்ல ரோடு இருக்கு, ரோட்டை விட்டு இறங்கினாதான் வம்பு. நாங்க போட்டோவுக்காக இறங்கினோம். மாட்டிக்கிட்டா மிதிக்காதீங்க, மிதிச்ச ஒவ்வொரு மிதிக்கும் முன் வீல் ஒரு அங்குலம் உள்ள போகும். டயர் காத்தை 15 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கி, வீல் முன்னாடி பின்னாடி மணலைக் கையால வாரி, ஃப்ளோர் மேட்டை அடில சொருகி, வந்த தடத்துலயே ரிவர்ஸ்ல மெதுவா வெளிய எடுங்க. 650 கிலோ வண்டிதான், நாலு மீனவ அண்ணன்மார் வந்து கிட்டத்தட்ட தூக்கியே வச்சிட்டாங்க, காசு குடுத்தா வாங்கல, டீ மட்டும் குடிச்சாங்க. காத்து திரும்ப அடிக்க பம்ப் இருக்கான்னு இறக்கறதுக்கு முன்னாடியே யோசிங்க.

ராமேஸ்வரம் வந்ததும் அன்னைக்கே நல்ல தண்ணில அடிப்பக்கம் முழுக்க வாட்டர் சர்வீஸ் பண்ணிடுங்க, உப்பு ஒரு ராத்திரி கூட தங்கக் கூடாது. நாங்க களைப்புல சென்னை போய் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம், சென்னை வந்தும் விட்டுட்டோம், பொங்கலுக்கு முந்தின வாரம் கத்திப்பாரா மேம்பாலம் மேல சைலன்சர் துருப்பிடிச்சு ரெண்டா ஒடிஞ்சு விழுந்தது.